செய்தி போனில், மற்றதெல்லாம் கவரில்

கோயமுத்தூரில், உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்துக் காஸ்டிங் செய்யும் ஒரு ஃபவுண்டரியில் குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கிறேன். நாங்கள் அனுப்பும் காஸ்டிங்கில் ரிஜெக்ஷன் கூடினாலோ கஸ்டமர் கம்ப்ளைன்ட் எழுதினாலோ, நேரில் போய் நின்று பார்த்துப் பேசி முடித்துவிட்டு வர வேண்டியவர்களில் நானும் ஒருத்தி. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம், இத்தாலியில் பிரெசியா, ஜப்பானில் நகோயா சுற்றுவட்டாரம், இவைதான் அடிக்கடி. சில சமயம் ஒரு வாரத்தில் முடியும், சில சமயம் மாதக்கணக்கில் இழுத்துவிடும். வீட்டுக்காரர் ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார், ஜாப் ஒர்க். கல்யாணமான புதிதிலிருந்தே, வெளிநாடு போனால் அவருக்குக் கடிதம் எழுதுவேன். கையால், தமிழில், ஸ்டாம்பு ஒட்டி, தபால் பெட்டியில் போட்டு. ஆபீஸில் புதிதாகக் கல்யாணமாகி முதல் முறை வெளிநாடு கிளம்பும் பிள்ளைகள் இதைப் பற்றி என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதையெல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

முதலில் போனைப் பற்றி. தினமும் பேசத்தான் செய்கிறோம். ஆனால் நேரம் எங்களுக்கு ஒத்துழைப்பதில்லை. ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அவர் பட்டறையைப் பூட்டிவிட்டு எட்டு மணிக்குக் கூப்பிட்டால் எனக்கு ராத்திரி பதினொன்றரை, கண் சொருகும். ஜெர்மனி குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால். அவர் சாப்பிட்டு முடித்து ஒன்பது மணிக்குக் கூப்பிட்டால் எனக்கு மாலை நாலரை, அன்றைய மீட்டிங் சூடாக நடந்துகொண்டிருக்கும். பகலில் கூப்பிட்டாலோ பின்னணியில் லேத் சத்தம். ஆகவே பேச்சு என்பது "சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அத்தைக்கு சுகர் எவ்வளவு, கரண்ட் பில் கட்டியாச்சா, சரி வெச்சிடட்டுமா" என்பதோடு முடிந்துவிடும். அதில் எனக்குக் குறையில்லை, அதுவும் அன்புதான். ஆனால் அதற்குள் அடங்காத ஒன்று ரெண்டு பேர் மனசிலும் மிச்சம் இருக்கிறது. கடிதம் அதற்காக.

இதில் நான் உறுதியாகச் சொல்வது ஒன்றுதான். கடிதத்தில் செய்தி எழுதாதீர்கள். ஜெர்மனியிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ போடும் சாதாரண ஏர்மெயில் நம் வீடு வந்து சேர எனக்குத் தெரிந்து பத்து நாள் ஆகும், மூன்று வாரமும் ஆகலாம். "நாளைக்கு டிரையல் இருக்கிறது", "இங்கே சளி பிடித்திருக்கிறது" என்றெல்லாம் எழுதினால், படிக்கும்போது அந்த டிரையல் முடிந்து, சளி போய், அது எல்லாமே அவருக்குப் போனில் தெரிந்திருக்கும். மூன்று வாரம் கழித்துப் படித்தாலும் கெடாத விஷயம் எதுவோ அதை மட்டும் எழுத வேண்டும். அப்படிப்பட்டவை என்று பார்த்தால் நிறையவே இருக்கின்றன. அவரை நினைக்கவைத்த ஒரு பொருள், ஒரு சத்தம், ஒரு வாசம். அவரைப் பற்றி இத்தனை நாள் கவனித்தும் சொல்லாமல் விட்டது. பழைய நாள் ஒன்று. நேரில் கேட்கக் கூச்சப்பட்ட ஒரு கேள்வி.

பிரெசியாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் காஸ்டிங்கை மெஷினிங் செய்யும்போது உள்ளே புளோ ஹோல், அதாவது காற்றுக் குழி, தெரிகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். காலையிலிருந்து அறுத்துப் பார்த்து, அளந்து, போட்டோ எடுத்து, வாக்குவாதம் செய்து தலைவலி. மதியத்துக்கு மேல் ஷாப் ஃப்ளோரில் ஒரு பழைய லேத் பக்கமாக நடந்தபோது, சீவி விழுந்த சூடான உலோகச் சுருள் மேல், சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலன்ட் விழுந்து ஆவியாகும் அந்த வாசம் வந்தது. சாயந்திரம் என் வீட்டுக்காரர் வீட்டுக்குள் நுழையும்போது அவர் சட்டையில் வருகிற அதே வாசம். அங்கேயே நின்றுவிட்டேன். அன்றைக்கு ஓட்டலுக்குப் போகும் வரைகூடக் காத்திருக்கவில்லை, கேன்டீனில் உட்கார்ந்து எழுதிய கடிதத்தில் இப்படி இருக்கிறது:

"மாமா, இன்னைக்கு இங்க ஒரு லேத்துப் பக்கம் உங்க சட்டை வாசம் வந்துச்சு. அந்தச் சட்டையைத் துவைக்கப் போடறப்பல்லாம் நான் மொதல்ல ஒரு தடவை மோந்து பார்ப்பேன், உங்களுக்குத் தெரியாது. எண்ணெய்க் கறை போகலைன்னு உங்ககிட்ட சத்தம் போட்டிருக்கேன் இல்லீங்களா, அதெல்லாம் சும்மா. அந்த மெஷின்ல நின்ன ஆளுக்கு உங்க வயசு இருக்கும். காது பக்கம் நரை. என்னமோ வேணுமான்னு கேட்டார். ஒண்ணுமில்லைன்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். அவர்கிட்ட என்னத்தைச் சொல்ல."

இவ்வளவுதான். ஊரைப் பற்றி ஒரு வரி இல்லை, வேலையைப் பற்றியும் இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு ராத்திரி கூப்பிட்டபோது அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "ஏம்மிணி, இதை நேர்ல சொல்லக் கூடாதா" என்றார். நேரில் சொல்ல முடியாது. கூட்டுக் குடும்பத்தில், கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருக்க, கொழுந்தன் பிள்ளைகள் குறுக்கே ஓட, துவைக்கிற சட்டையை முகர்ந்து பார்ப்பேன் என்று எந்தப் பொம்பளை சொல்வாள்? ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருப்பதால்தான் அந்தத் தைரியம் வருகிறது. அந்தத் தூரத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

எப்படி ஆரம்பிப்பது என்று நிறையப் பேர் திணறுகிறார்கள். நீங்கள் வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே ஆரம்பியுங்கள். நான் "மாமா" என்றுதான் ஆரம்பிப்பேன். "அன்புள்ள கணவருக்கு" என்று எழுதினால் அடுத்த வரியே பள்ளிக்கூடக் கட்டுரையாகிவிடும். "நலம், நலமறிய ஆவல்" எல்லாம் வேண்டாம், அது போனில் முடிந்துவிட்டது. நேராக விஷயத்தின் நடுவில் குதித்துவிடலாம். பேச்சு வழக்கிலேயே எழுதலாம், எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலை வேண்டாம். கவிதை வர வேண்டும் என்கிற கட்டாயமும் கிடையாது. "உன்னை நினைக்கிறேன்" என்று பத்து முறை எழுதுவதைவிட, எந்த இடத்தில், எதைப் பார்த்து, என்ன நினைத்தீர்கள் என்று ஒரு முறை எழுதினால் போதும்.

இன்னொன்று, ராத்திரியில் எழுதாதீர்கள். இது என் அபிப்பிராயம், ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கலாம். அந்நிய ஊரில், ஓட்டல் அறையில், களைத்துப்போய் உட்கார்ந்து எழுதினால் எல்லாக் கடிதமும் புலம்பலாகத்தான் முடிகிறது. படிப்பவருக்குப் பாரம், பதிலுக்கு அவரால் ஒன்றும் செய்யவும் முடியாது. காலையில் சாப்பிடப் போகும் முன் அரை மணி நேரம், அல்லது பகலில் நினைப்பு வந்த இடத்திலேயே நாலு வரி. வேலை டைரியின் கடைசிப் பக்கங்களை அதற்கென்றே விட்டுவைத்திருக்கிறேன். அப்புறம் அதைப் பார்த்து ஒழுங்காக எழுதிவிடுவேன்.

சண்டையைக் கடிதத்தில் எழுதலாமா என்று கேட்பார்கள். எழுதலாம், எழுத வேண்டும் என்பேன். அவர் ஒரு செகண்ட் ஹேண்ட் சிஎன்சி மெஷின் எடுக்க வேண்டும், அதற்கு என் நகையை வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது நான் நகோயாவில் இருந்தேன். போனில் பேசினாலே ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டினோம். லைன் கட்டாகும், திரும்பக் கூப்பிட மனசு வராது. கடைசியில் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். அதில் அவரை ஒரு குறையும் சொல்லவில்லை. எங்கள் அப்பா பவர்லூம் போட்டுக் கடனில் மாட்டி, வட்டிக்காரர் வாசலில் வந்து நின்றபோது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்ததையும், அம்மா காதில் வேப்பங்குச்சி போட்டுக்கொண்டிருந்ததையும் மட்டும் எழுதினேன். எனக்கு என்ன பயம் என்பது அதுவரை அவருக்குத் தெரியாது, நகை மேல் ஆசை என்று நினைத்திருக்கிறார். கடிதம் கிடைத்த அன்று, "படிச்சேன். நீ ஊருக்கு வா, கணக்குப் போட்டுப் பார்க்கலாம்" என்றார். உட்கார்ந்து கணக்குப் போட்டோம், மெஷின் எடுத்தோம், பாதி நகைதான் போனது, அதுவும் திரும்பி வந்துவிட்டது. கடிதத்தில் நடுவில் குறுக்கே பேச ஆளில்லை, அதுதான் அதன் பெரிய வசதி. ஒரே ஒரு கட்டுப்பாடு: கோபத்தில் எழுதியதை ஒரு ராத்திரி பையிலேயே வைத்திருந்து, காலையில் படித்துவிட்டு அப்புறம் போடுங்கள். "நீ இப்படித்தான்" என்கிற வரியெல்லாம் காலையில் தானாகவே கண்ணில் உறுத்தும்.

கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, போஸ்ட் கார்டு வேறு, கவர் வேறு. போஸ்ட் கார்டை போஸ்ட்மேன் படிப்பார், பக்கத்து வீட்டுக்காரர் படிப்பார், வீட்டில் அத்தனை பேரும் படிப்பார்கள். அதனால் அது எல்லோருக்கும். மலையோ கோட்டையோ படம் போட்ட கார்டு ஒன்றை வாங்கி, பிள்ளைகள் பேரையெல்லாம் எழுதி வீட்டு விலாசத்துக்குப் போட்டுவிடுவேன். அவருக்கான கவர் பட்டறை விலாசத்துக்குப் போகும். ஆரம்பத்தில் கவர் மட்டும்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அத்தை போனை வாங்கி, "ஏங்கண்ணு, எனக்கு ஒண்ணும் எழுதுலியா" என்றார்கள். அப்புறம் அத்தைக்கென்று தனியாக ஒரு தாள், கொஞ்சம் பெரிய எழுத்தில், அவர்களுக்குப் பிடித்த விஷயமாக, அங்கே காய்கறி என்ன விலை, எந்த வீட்டு வாசலில் என்ன செடி என்று எழுதி வைக்கிறேன். இதனால் வீட்டில் என் கடிதத்துக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது. உங்களவர் தனிக் குடித்தனமாக இருந்தால் இந்தக் கவலை இல்லை. ஆனாலும் அந்தரங்கமாக எழுதுவதைக் கொஞ்சம் கனமான தாளில் எழுதுங்கள், மெல்லிய கவரை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே தெரியும்.

இனி தபால் விஷயம். ஜெர்மனியில் ஒட்டிய ஸ்டாம்புக்கு நம் ஊர் போஸ்ட்மேன் எதுவும் கேட்காமல் கொண்டுவந்து கொடுக்கிறார் என்பதே எனக்கு இன்றைக்கும் அதிசயம்தான். அதற்குக் காரணம் 1874இல் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் கூடிப் போட்ட தபால் ஒப்பந்தம், இந்தியா அதில் 1876இல் சேர்ந்தது. விலாசத்தை ஆங்கிலத்தில் எழுதி, பின்கோடு, மாநிலம், கடைசி வரியில் பெரிய எழுத்தில் இந்தியா என்று எழுதினால் போதும். அந்த நாட்டுக்காரர்களுக்குத் தேவை கடைசி வரி மட்டும்தான், மீதியெல்லாம் நம் ஊருக்கு. வாங்குபவரின் மொபைல் நம்பரையும் கீழே எழுதிவிடுங்கள், வீடு பூட்டியிருந்தால் போஸ்ட்மேன் கூப்பிடுவார். பெயரை மட்டும் பக்கத்தில் தமிழிலும் எழுதுவேன். அதற்கு அவசியம் எதுவும் இல்லை, அவர் பெயரைத் தமிழில் எழுதப் பிடிக்கும்.

ஜெர்மனியில் மஞ்சள் பெட்டி. எந்தக் கிழமை எத்தனை மணிக்குத் தபால் எடுப்பார்கள் என்று பெட்டி மேலேயே போட்டிருக்கும். வெளிநாட்டுக்கு 20 கிராம் வரை சாதாரணக் கடிதத்துக்கு 2025 ஜனவரியிலிருந்து 1.25 யூரோ. ஏ4 தாள் ஒன்று சுமார் 5 கிராம், ஆகவே மூன்று தாளும் ஒரு மெல்லிய கவரும் என்றால் எல்லையைத் தொட்டுவிடும். அதற்கு மேல் எழுதினால் கவுன்ட்டரில் நிறுத்துப் பார்த்து ஒட்டுங்கள்.

இத்தாலியில் சிவப்புப் பெட்டி, இரண்டு வாய். ஒன்று உள்ளூருக்கு, இன்னொன்று மற்ற எல்லா இடத்துக்கும். நமக்கு இரண்டாவது. ஸ்டாம்பு வாங்க, டி என்று பலகை மாட்டிய புகையிலைக் கடைக்குப் போகலாம். சுற்றுலா இடங்களில் உள்ள பரிசுப் பொருள் கடைகளில் தனியார் ஸ்டாம்பு விற்கிறார்கள். அதை ஒட்டினால் அவர்கள் வைத்திருக்கும் தனிப் பெட்டியில்தான் போட வேண்டும், அரசுப் பெட்டியில் போட்டால் வேலைக்கு ஆகாது. வாங்கும்போதே எந்தப் பெட்டி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஜப்பான். அங்கேயும் சிவப்புப் பெட்டிதான், பெரும்பாலும் இரண்டு வாய் இருக்கும், வெளிநாட்டுத் தபால் வலது பக்கம். ஆனால் நான் பெட்டியில் போடுவதே அபூர்வம், தபால் நிலையத்துக்கே போவேன். பல தபால் நிலையங்களில் அந்த ஊரின் மலையோ கோயிலோ பாலமோ பூவோ வரைந்த ஒரு முத்திரை வைத்திருக்கிறார்கள், ஃபூகே இன் என்று பெயர். செங்காவி நிற மை. சாதாரணமாக அதைப் போட மாட்டார்கள், கவுன்ட்டரில் கேட்க வேண்டும். கேட்டால் அந்த அம்மா முத்திரையை எடுத்து, ஒரு வீணான தாளில் ஒத்திப் பார்த்து, ஸ்டாம்பின் ஓரம் கவரில் பாதியும் ஸ்டாம்பில் பாதியுமாக விழும்படி வைத்து, அழுத்தி, மேலே மை உறிஞ்சும் தாளை வைத்து எடுத்து, சரியா என்று நம்மிடம் காட்டுவார். என் கடிதத்தை முன்பின் தெரியாத ஒருவர் அவ்வளவு பதவிசாகக் கையாள்வதைப் பார்க்கும்போது மனசு நிறைந்துவிடும். போஸ்ட் கார்டு என்றால் எந்த நாட்டுக்கும் 100 யென்.

பால் பாயின்ட் பேனாவால் எழுதுங்கள். கோவையில் ஆடிச் சாரலில் கடிதம் நனைந்து வந்தால் இங்க் பேனா எழுத்து பரவிவிடும், ஜெல் பேனாக்களிலும் பல அப்படித்தான். கவருக்குள் பணம் வைக்கக் கூடாது. விதை, செடி, மண் எதையும் வைக்காதீர்கள், பயிர் நோய் பரவாமல் இருக்க பெரும்பாலான நாடுகளில் சட்டம் இருக்கிறது. நகோயாவில் நவம்பரில் கிங்கோ மரங்கள் மஞ்சளாகி, விசிறி போன்ற இலைகள் பாதையெல்லாம் கொட்டிக் கிடக்கும். ஒன்றை எடுத்துக் கடிதத்தின் மேல் வைத்து, ஓரத்தை பேனாவால் வரைந்துவிட்டு, இலையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். வரைந்த அந்தக் கோட்டுக்குள் எழுதினேன். பட்டறையில் அவர் அதன் மேல் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்ததாக வேலைக்கு இருக்கும் பையன் சொன்னான்.

கடிதத்துக்கு நம்பர் போடுங்கள், மூலையில் சின்னதாக. சாதாரணத் தபாலுக்கு டிராக்கிங் கிடையாது. போட்ட வரிசையில் வந்து சேரும் என்றும் சொல்ல முடியாது. எங்களுக்கு ஒரு கடிதம் வரவே இல்லை, அதற்கு அடுத்த நம்பர் வந்ததால்தான் தெரிந்தது. போட்டோ எடுத்து வைத்திருந்ததால், ஊர் வந்ததும் பார்த்து மறுபடி எழுதிக் கையில் கொடுத்தேன். போட்டோ எடுப்பது அதற்காக மட்டும், அதையே வாட்ஸ்அப்பில் முன்கூட்டி அனுப்பிவிட்டால் அப்புறம் கவர் எதற்கு?

கடைசியாக எழுதும் கடிதம் எப்போதும் நான் வந்து சேர்ந்த பிறகுதான் வரும். இதைப் பலர் வீண் என்று நினைத்து, கிளம்பும் வாரத்தில் எழுதுவதையே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கோ அதுதான் முக்கியமான கடிதம். நான் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் கதவோரம் நின்று பிரித்துப் படிப்பார். "இன்னும் நாலு நாள்ல உங்க பக்கத்துல இருப்பேன், அப்ப இதை எழுதுனதைப் பத்தி ஒண்ணும் கேட்டுடாதீங்க" என்று எழுதியிருப்பேன். அவர் ஒன்றும் கேட்க மாட்டார், ஆனால் அன்றைக்கு ஒரு தோசை கூடப் போகும். பயணம் முடிந்து வீட்டு வேலை, ஆபீஸ் ரிப்போர்ட் என்று ரெண்டு பேரும் பழையபடி ஆகிவிட்ட வாரத்தில் அந்தக் கடிதம் வந்து சேர்வது நல்லது.

பதிலை எதிர்பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், நான் எதிர்பார்க்கிறேன். ஆனால் எந்த வடிவத்தில் வந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து போடும் கடிதமும் பத்து பதினைந்து நாள் எடுப்பதால், மாதக்கணக்கில் ஒரே இடத்தில் தங்கினால்தான் அந்த விலாசத்துக்கு எழுத முடியும். அவருக்கு எழுதவும் வராது. அதனால் டெலிவரி சலான் பின்பக்கத்தில் அவ்வப்போது ஒரு வரி, தேதி போட்டு எழுதி, ஆணியில் குத்தி வைத்துவிடுவார். "இன்னைக்கு மழை. உன் குடை இங்க கிடக்கு." "நம்பர் 3 வந்துச்சு. ரெண்டு தடவை படிச்சேன்." ஊருக்கு வந்ததும் அந்தக் கட்டை அப்படியே எடுத்துக் கொடுப்பார். என்னைக் கேட்டால் அதற்கு மேல் ஒரு காதல் கடிதம் யாராலும் எழுத முடியாது.

அடுத்த வாரம் கிளம்புகிறவர்களுக்கு: கோடு போட்ட லெட்டர் பேட் ஒன்று, ரெண்டு பால் பாயின்ட் பேனா, ஒரு கட்டு மெல்லிய கவர். வீட்டு விலாசத்தை ஜெராக்ஸ் கடையில் ஸ்டிக்கராக அடித்துக் கவர்களில் கிளம்பும் முன்பே ஒட்டிவிடுங்கள், களைப்பான நாளில் கவர் மேல் விலாசம் எழுத வேண்டியிருப்பதே கடிதம் போடாமல் இருக்கப் போதுமான சாக்கு. கிளம்பும் அன்று ஒரு கடிதத்தை எழுதி, அவர் டிபன் பையின் பக்கவாட்டுப் பைக்குள் வைத்துவிட்டுப் போங்கள். முதல் தபால் போய்ச் சேரும் வரை அது தாங்கும். ஊர் போய் இறங்கிய அன்றே ஸ்டாம்பு எங்கே கிடைக்கும் என்று ஓட்டல் ரிசப்ஷனில் கேட்டு, திரும்பும் நாள் வரைக்கும் தேவையானதை மொத்தமாக வாங்கிப் பாஸ்போர்ட் உறையில் வைத்துக்கொள்ளுங்கள்.